வலது பக்கம் நிற்பவர்

வணக்கம். என் பெயர் பிலோமினா கஸ்பார். நான் சாகவில்லை.

இதைச் சொல்வதற்குத்தான் இந்த லிகோரி எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறான். சொல்லிவிட்டேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. மிச்சம் இருப்பது என்னுடைய நேரம். என்ன லிகோரி, கையை ஆட்டுகிறாய்? ஆட்டாதே. நீ கேமராவைப் பார்.

கேமரா என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான், நேயர்களே. ஒரு செல்போனைக் கம்பியில் மாட்டி என் மூக்குக்கு நேராக வைத்திருக்கிறான். என் பின்னால் தெரிகிற தென்னை மரமும் நீல வானமும் துணியில் அச்சடித்தவை. அந்தத் துணிக்குப் பின்னால் ஊரெல்லாம் திருப்பிக் கொடுத்த செட்டாப் பாக்ஸ்கள் சாக்குச் சாக்காகக் கிடக்கின்றன. மின்விசிறியைப் போட்டால் வானம் ஆடுகிறதாம், அதனால் அதையும் நிறுத்திவிட்டான். பிற்பகல் மூன்றரை மணி, தூத்துக்குடி வெயில். செத்துப்போகவில்லை என்று சொல்ல வந்த இடத்திலேயே செத்துப்போவேன் போலிருக்கிறது.

நடந்தது இது. போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும், மறுபடி சாயங்காலம் ஆறு மணிக்கும், இந்த எல்.வி. சேனலில் ஒரு நினைவஞ்சலி வந்தது. எல்.வி. என்றால் லிகோரி விஷன். சிரிக்காதீர்கள், அவன் தன் பெயரை வைத்துக்கொண்டான், நம் பெயரையா வைத்தான்? என் மாமியார் இறந்து முதலாம் ஆண்டு. அதற்குத்தான் அந்த விளம்பரம். மாமியாரின் பெயரும் பிலோமினாதான். பெண் பார்க்க வந்த அன்றே, "ஒரே வீட்டுல ரெண்டு பிலோமினா எதுக்கு? இவள வேற பேரு சொல்லிக் கூப்பிடுவோம்" என்றார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை மாற்ற இவர் யார், பாப்பரசரா? நான் முடியாது என்றேன். முப்பத்து மூன்று வருடம் எங்கள் வீட்டில் யாராவது 'பிலோமி' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் "என்ன?" என்போம். இரண்டு பேரும் எரிச்சலோடு.

ஆக, பெயர் சரி. 'கஸ்பார் மற்றும் குடும்பத்தினர்' என்று கீழே போட்டது சரி. 'நினைவஞ்சலி' என்பதில் 'வா' போட்டு 'நினைவாஞ்சலி' ஆக்கியிருந்தான், அதை மன்னித்தாலும், படம் என்னுடையது.

என் படம். மெழுகுவர்த்தி இரண்டு பக்கமும் எரிய, நடுவில் நான். சிரித்துக்கொண்டு. 'கண்ணீர் மல்கும்' என்று மேலே எழுதியிருக்க, கீழே ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். தோற்றம் 1939 என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அதையும் படித்துவிட்டு என் படத்தையும் பார்த்துவிட்டு 'சரியாத்தான் இருக்கு' என்று நம்பியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிய வேண்டும். எண்பத்தைந்து வயசா எனக்கு?

லிகோரி கேட்டான், "கீழ ஓடுத எழுத்துல திருத்தம் போட்டுருதேன் பிலோமிக்கா, நீங்க எதுக்கு வெயில்ல வாரீங்க" என்று. ஓடுகிற எழுத்தை யார் படிப்பார்கள்? கொலுசுக் கடை தள்ளுபடிக்கும் குடிநீர் வராத தகவலுக்கும் நடுவில் 'பிலோமினா உயிரோடு இருக்கிறார்' என்று ஓடினால் அது செய்தியா, விளம்பரமா? நான் நேரில் வந்து முகத்தைக் காட்டிச் சொல்வேன் என்றேன். அதுவும் கேபிளில் மட்டும் போதாது, உன் யூடியூபிலும் நேரலையாகப் போக வேண்டும் என்றேன். ஏனென்றால் இந்தத் திருத்தம் ஊருக்கு அல்ல. ஊர் எப்படியும் என்னை மார்க்கெட்டில் பார்த்துவிடும். மஸ்கட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவள் பார்க்க வேண்டும். என் தங்கை ஜசிந்தா.

பாசத்தினால் என்று நினைக்காதீர்கள். அவளும் நானும் பேசி மூன்று வருடம் ஆகிறது. இது கணக்குத் தீர்ப்பது.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் லிகோரி? முப்பத்தொன்றா? பரவாயில்லையே. என்ன, ஒரு கேள்வி வந்திருக்கிறதா? வாசி. சத்தமாக வாசி, கண்ணாடி கொண்டுவரவில்லை.

'தப்பு யாருடையது' என்று கேட்கிறார்களாம். கேட்டது யார்? 'ரியானா குட்டி ரைம்ஸ்'. இது என்ன பெயர்? குழந்தைப் பாட்டுப் போடுகிற ஆளுக்கு நினைவஞ்சலியில் என்ன வேலை? சரி, பதில் சொல்கிறேன். தப்பு லிகோரியுடையது.

நான் அனுப்பியது ஒரே படம். மாமியாரைத் தனியாக எடுத்த எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருக்கிறார். வேண்டுமென்றே மூடுவார். நானும் அவரும் மாதா கோயில் பங்கு மண்டபத்தில் சேர்ந்து நின்ற ஒரு படத்தில்தான் கண் திறந்திருந்தது. அதை அனுப்பி, கான்வென்டில் படித்தவள் எப்படி எழுதுவாளோ அப்படித் தெளிவாக எழுதினேன்: 'வலது பக்கம் நிற்பவரை மட்டும் வெட்டி எடுத்துப் போடவும்.' மாமியார் எனக்கு வலது பக்கம். என் வலது கை அவர் தோளில் இருக்கிறது. இதைவிட என்ன தெளிவு வேண்டும்?

என்ன, மறுபடி அதே ரைம்ஸா? 'படத்தைப் பாக்கிறவங்களுக்கு எது வலது?'

பார்க்கிறவர்களுக்கு எது வலது என்பது பார்க்கிறவர்கள் பிரச்சினை. நின்றவள் நான். என் வலது எனக்குத் தெரியும். லிகோரி, நீ சிரித்தால் நான் எழுந்து போய்விடுவேன். போகமாட்டேன், ஆனால் நீ சிரிக்காதே.

இவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இவர்கள் என்றால் என் வீட்டுக்காரர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். விளம்பரம் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோதே, "லிகோரி சேனலையா? யாரு பாக்கா?" என்றார். முப்பத்து நான்கு வருடமாக இந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் இரண்டே வார்த்தை. மாமியார் கடைசி வரை காலைப் பூசையை இந்தச் சேனலில்தான் பார்த்தார், அதனால் இதில்தான் கொடுக்க வேண்டும் என்று நான் நின்றேன். ஆனால் அவர் சொன்னது நடந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூடப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க நான் செத்தவளாக இருந்திருக்கிறேன். மீன் வாங்கினேன், கேஸ் சிலிண்டர் வாங்கினேன், சாயங்காலம் மாமியார் பெயரில் பூசைக்கும் போனேன், ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை கோயிலில் நவநாள் செபத்தில்தான் ஒரு வயதான பெண்மணி என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். அவர் வீட்டில் இன்னும் கேபிள் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று லிகோரி ஜாடை காட்டுகிறான். எங்கள் வீட்டில் இல்லை. மாமியார் போன மறு மாதமே இவர் வெட்டிவிட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்த லிகோரியை நான் எத்தனை வேஷத்தில் பார்த்திருக்கிறேன் தெரியுமா? இன்றைக்கு நீங்கள் பார்க்கிற இந்தத் தொப்பை அன்றைக்கு இல்லை.

எங்கள் அப்பா டிவி வாங்கியபோது எனக்குப் பதினான்கு வயது, ஜசிந்தாவுக்குப் பன்னிரண்டு. அப்போது இந்த ஊரில் ஆன்டெனா எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும். தூத்துக்குடிக்கு டில்லி தூரம், கொழும்பு பக்கம். இலங்கை ரூபவாகினிதான் எங்களுக்கு டிவி. சிங்களத்தில் செய்தி வாசிப்பார்கள், ஒரு எழுத்தும் புரியாது, தெருவே வந்து உட்கார்ந்து கேட்கும். வாசலில் ஜசிந்தா நிற்பாள். யார் உள்ளே வரலாம், யார் ஜன்னலில் நின்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவள் தீர்ப்பு. பன்னிரண்டு வயதில் அவ்வளவு அதிகாரம். அது இன்னும் போகவில்லை.

அப்புறம் லிகோரி வீடியோ கேசட் கொண்டுவந்தான். சைக்கிள் கேரியரில் டெக்கைத் தலையணை உறையில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வருவான். வந்தால் போகமாட்டான். ஒயரை மாட்ட வேண்டும், ஹெட்டைத் துடைக்க வேண்டும், படம் பாதியில் கோடு விழுந்தால் எழுந்து தட்ட வேண்டும். அதனால் அவனுக்கும் சோறு வைக்க வேண்டும். நினைவிருக்கிறதா லிகோரி? எங்கள் அம்மா வைத்த கணவாய்க் குழம்பில் பாதி உன் வயிற்றுக்குள்தான் போயிற்று.

என் கல்யாணத்தையும் கேசட்டில்தான் எடுத்தார்கள். ஒரே கேசட். அது சொந்தக்காரர் வீடுகளுக்குச் சுற்றுக்குப் போகும். இந்த வீட்டில் பார்த்து முடித்ததும் அவர்களே கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போகிறவள் வாசலில் வைத்துவிட்டு வர முடியுமா? உட்கார வேண்டும். காப்பி குடிக்க வேண்டும். 'சாப்பாட்டுல உப்புக் குறைவு, பொண்ணு மூஞ்சில பவுடர் கூட' என்று இரண்டு குறை சொல்ல வேண்டும். ஒரு கேசட் எட்டு வீடு சுற்றி வந்தால் எட்டு வீட்டுச் சண்டையும் தீர்ந்திருக்கும். இல்லை, புதிதாக நாலு சண்டை வந்திருக்கும். எப்படியும் முகத்துக்கு முகம்.

பிறகு மொட்டை மாடிகளில் ஒயர் இழுத்தான். கேபிள் லிகோரி ஆனான். சொந்தச் சேனல் ஆரம்பித்தான்: பிறந்தநாள், கல்யாண நாள், சாவு, மாதா கோயில் தேர். அந்தக் காலத்தில் இதில் உங்கள் படம் வந்தால் காலையில் பால்காரன் முதல் பங்குச் சாமியார் வரை பார்த்திருப்பார்கள். தப்பு வந்தாலும் எல்லாருக்கும் தெரியும், திருத்தம் வந்தாலும் எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் டிஜிட்டல் என்றார்கள், பெட்டி வந்தது. இவன் சேனலுக்கு எண் கொடுத்தார்கள், கொடுத்த எண்ணை மாற்றினார்கள், மாற்றியதை மறுபடி மாற்றினார்கள். நூறில் இருந்தது எண்ணூற்றுச் சொச்சத்துக்குப் போய்விட்டது. என் மாமியார் அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி, அடித்து, எழுதி, அடித்து வைத்திருந்தார். மாடிக்கு மாடி டிஷ் குடை முளைத்தது. அப்புறம் குடையும் வேண்டாம் என்று அவனவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டான். கொரோனா வந்து கோயிலைப் பூட்டியபோது லிகோரி பூசையை யூடியூபில் விட்டான். அன்றையிலிருந்து இவன் ஒயர் எங்கே முடிகிறது என்று இவனுக்கே தெரியாது.

அதுதான் வினையாகப் போயிற்று. கேபிள் மட்டும் இருந்த காலமாக இருந்தால் என் சாவு மூன்றாவது தெருவோடு நின்றிருக்கும். இப்போது என் தெருவில் எவருக்கும் தெரியாமல் நேராக மஸ்கட் போய்விட்டது.

எத்தனை பேர்? பத்தொன்பதா? போகட்டும். போகிறவர்களுக்கு அடுப்பில் வேலை இருக்கும்.

புதன்கிழமை பதினொரு மணி. நான் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் போன் அடிக்கிறது. இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எடுத்தால், அழுகை. யாரென்று சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அவள் அழுதால் நடுவில் ஒரு விக்கல் வரும்.

"அத்தான், அக்கா போயி ஒரு வருசம் ஆயிட்டா? எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே அத்தான். ஒரு வார்த்த. நான் என்ன செத்தா போனேன்? ஒரு வருசமா அவ இல்லாம நான் இங்க சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கேனே..."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் மெதுவாக, "இல்ல ஜசிந்தா. போனது எங்க அம்மா. அவ இங்கதான் சாளை கழுவிக்கிட்டு இருக்கா" என்றார்.

  நான் குழாயை மூடினேன். இவர் போனை என் பக்கம் நீட்டினார். என் கையெல்லாம் செதில். செதில் கையோடு எப்படி வாங்குவது? அப்புறம் அவள் சொன்னாள், "இருக்காளா. சரி. இருக்கட்டும்." வைத்துவிட்டாள்.

இருக்கட்டுமாம்! கேட்டீர்களா? ஏதோ சில்லறையைத் திருப்பிக் கொடுத்த கடைக்காரனிடம் சொல்கிற மாதிரி. நான் உயிரோடு இருப்பதற்கு இவள் அனுமதி கொடுக்கிறாள். 'அவகிட்ட குடுங்க அத்தான்' என்று ஒரு வார்த்தை வரவில்லை. இவர் சொல்கிறார், அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டதாம், அதனால்தான் வைத்தாளாம். இவருக்குத்தான் காது கேட்காதே, தொண்டை அடைத்தது மட்டும் எப்படிக் கேட்டது?

எனக்கு ஆத்திரம் அதில்கூட இல்லை. நான் செத்து ஒரு வருடம் ஆகியிருக்கும், அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டோம் என்று அவளால் நம்ப முடிந்திருக்கிறது பாருங்கள். அப்படியும் செய்வார்கள் என்று நினைத்துவிட்டாள். நாங்கள் என்ன அவ்வளவு கெட்டவர்களா? சண்டை என்றால் சண்டை. அதற்காகச் சாவைக்கூடச் சொல்லாமலா இருப்போம்? இரண்டு நாளாக எனக்கு அதுதான் ஓடுகிறது. நேற்று குழம்பில் இரண்டு முறை புளி ஊற்றினேன்.

என்ன சண்டை என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் மகன் கெவினுக்குக் கல்யாணம், மஸ்கட்டில். நான் யார்? மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. அவனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்றவள் நான். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். உட்கார்ந்து, 'நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்' என்பார்கள். நடத்தப்போவது அவர்கள்தான், ஆனாலும் அந்த வார்த்தை வேண்டும். ஜசிந்தா என்ன செய்தாள்? 'நம்ம குடும்பம்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். நாற்பத்து மூன்று பேர். அதில் கல்யாணத்தன்று காலையில் ஒரு லிங்க் போட்டாள். நீல எழுத்தில் நாலு வரி, புரியாத எழுத்து, அதன் கீழே கும்பிடுகிற இரண்டு கை. அவ்வளவுதான். அக்காவுக்கும் அதே லிங்க், அம்பாசமுத்திரத்தில் இருக்கிற மூன்றாவது சுற்று உறவுக்கும் அதே லிங்க்.

கொரோனா, ஐம்பது பேருக்குமேல் கூடாது, விமானம் கிடையாது என்றார்கள். நான் விமானமா கேட்டேன்? போனில் ஒரு வார்த்தை கேட்டேன். போன் வழியாகவும் கொரோனா வருமா? தட்டினால் கல்யாணம், தட்டாவிட்டால் இல்லை. இது அழைப்பா? காய்கறிக் கடைக்காரன்கூட 'அக்கா, வாங்க' என்று வாயைத் திறந்து கூப்பிடுகிறான்.

நான் அந்தக் குரூப்பைவிட்டு வெளியே வந்தேன். வந்ததை அந்த வாட்ஸ்அப் எல்லாருக்கும் போட்டுக் காட்டியதாம். காட்டட்டும். அன்றையிலிருந்து பேச்சு இல்லை. அந்தக் கல்யாணத்தை நான் பார்க்கவும் இல்லை. ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. யார் என்னை அழைத்தார்கள், பார்ப்பதற்கு? பெண்ணின் முக்காடு இரண்டு முறை நழுவியது, பக்கத்தில் நின்ற ஒருத்திக்கும் அதைச் சரிசெய்யத் தோன்றவில்லை. நான் நின்றிருந்தால் ஒரு ஊசி குத்தியிருப்பேன். சாமியார் 'கெவின்' என்று சொல்லாமல் 'கெல்வின்' என்றார், ஜசிந்தா முதல் வரிசையில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், திருத்தவில்லை...

என்ன லிகோரி? மறுபடி ரைம்ஸா? வாசி.

'பாக்கலைன்னா முக்காடு நழுவுனது எப்படித் தெரியும்?'

சொன்னார்கள். யாரோ சொன்னார்கள். கல்யாணம் என்றால் நாலு பேர் சொல்லமாட்டார்களா? இந்த ரைம்ஸ் யாரென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வீட்டில் ஒழுங்காக வளர்க்கவில்லை என்று தெரிகிறது. பெரியவர்கள் பேசும்போது நடுவில் வருகிற பழக்கம். எங்கள் கான்வென்டில் இதற்கு முட்டிக்கால் போடவைப்பார்கள்.

நிறுத்தமாட்டேன் லிகோரி. நீ என்னை ஒரு நாள் முழுக்கச் சாகடித்தாய், மூன்று தடவை. நான் இன்னும் கால்மணி நேரம் பேசினால் குறைந்துவிடமாட்டாய். எத்தனை பேர்? நாலா? அந்த நாலு பேருக்கும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே எனக்குச் சரியில்லாத வாரம். ஒரு பக்கம் ஊரடங்கு. ஒரு பக்கம் மாமியார். இன்னொரு பக்கம் வெளிநாட்டிலிருந்து மோசடிக்காரர்கள். அப்போது பேப்பரில் எல்லாம் வந்தது, தெரியாத வெளிநாட்டு நம்பரை எடுத்தால் பேங்க் பணம் போய்விடும் என்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் மட்டும் ஒரே நம்பரிலிருந்து ஆறு தடவை. ஜசிந்தா நம்பர் என் போனில் பெயரோடு இருக்கிறது, அது இல்லை இது. ஏதோ நீளமான நம்பர். ஆறு தடவையும் நான் வெட்டிவிட்டேன். ஆறாவது தடவை அந்த நம்பரைத் தடுத்தும் வைத்தேன். படித்தவள் என்பதால் பிழைத்தேன். ஆனால் என் கூடப்பிறந்தவள் பேசுவாள் பேசுவாள் என்று நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அன்றைக்கா இந்தத் திருடர்கள்...

வாசி.

ஏன் வாசிக்கமாட்டேன் என்கிறாய்? மறுபடி அந்த ரைம்ஸ்தானே? என்னைத் திட்டியிருக்கிறதா? பரவாயில்லை, வாசி.

'968-ல ஆரம்பிக்கிற நம்பரா?'

ஆமாம். ஒன்பது, ஆறு, எட்டு. உனக்கு எப்படி... அது உனக்கு எப்படித் தெரியும்?

பொறு லிகோரி. வருகிறதா? எழுதிக்கொண்டிருக்கிறதா?

வாசி. மெதுவாக வாசி.

'அன்னைக்கு லைவ் எடுக்க என் போனத்தான் ஸ்டாண்டுல மாட்டி சரிபாத்துக்கிட்டு இருந்தாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க போனுல இருந்து அடிச்சேன். ஆறு தடவ. நீ எடுக்கல.'

இன்னொரு தடவை வாசி.

வேண்டாம். கேட்டுவிட்டது.

தண்ணீர் இருக்கிறதா லிகோரி? அந்தப் பாட்டிலைக் கொடு.

நேயர்களே, ஒரு நிமிடம்.

சரி. ஆறு தடவை அடித்தாயா? அடித்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது என்று அரசாங்கமே சொன்னது, அது என் தப்பா? அத்தானுக்கு அடித்திருக்கலாமே? அடித்தாயா? வாசி லிகோரி, என்ன சொல்கிறாள்? 'ஸ்விட்ச் ஆஃப்'. ஆமாம். அவர் எப்போதுதான் சார்ஜ் போட்டார்? அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்ததே, ஒரு நாள் சொல்லக் கூடாதா? 'நீ குரூப்பவிட்டுப் போயிட்ட. அக்கா வேணும்னே எடுக்கலன்னு நெனச்சேன்' என்கிறாளா? நான் ஏன் வேண்டுமென்று எடுக்காமல் இருப்பேன்? நீ கூப்பிடமாட்டாயா என்று உட்கார்ந்திருந்தவள் நான். நீ என்னைப் பற்றி நினைப்பதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. செத்தாலும் சொல்லமாட்டாள், உயிரோடு இருந்தாலும் எடுக்கமாட்டாள்.

அது கிடக்கட்டும். ரியானா யார்?

வாசி லிகோரி. ஏன் நீ மூக்கை உறிஞ்சுகிறாய்? உனக்கும் இதற்கும் என்ன?

'கெவின் மக. பெப்ரவரி வந்தா ரெண்டு வயசு. என் போன்ல எப்பவும் அவ பாட்டுத்தான் ஓடுது. அதான் அந்தப் பேரு.'

ரெண்டு வயசா? கெவினுக்கு மகள் இருக்கிறாள், ரெண்டு வயதாகப்போகிறது. எனக்குத் தெரியாது. பல் முளைத்து, நடந்து, பேசியும் இருக்கும். பேசுகிறாளா? யார் மாதிரி இருக்கிறாள்? உன் மூக்கு வந்திருக்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அந்த மூக்கு ஒரு தலைமுறைக்குப் போதும்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் லிகோரி? ஒன்றா?

நல்லது. அந்த ஒருத்திக்குச் சொல்கிறேன். வலது பக்கம் என்று எழுதியவள் நான்தான். ஆனால் பார்க்கிறவன் பக்கமிருந்து யோசிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் கான்வென்டில் அது பாடத்தில் இல்லை, உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் படித்தாய். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. தகவல். இன்னொரு தகவல், ஆறு தடவை அடித்தவளுக்கு ஏழாவது தடவை அடிக்கக் கை வலித்ததா? நான் பெரியவள். நானா அடிப்பேன்? அடிக்கலாம். அடித்திருக்கலாம். ஆனால் நான் பெரியவள் என்று ஒன்று இருக்கிறது, அதை...

இது யார் போன்?

என் போனா? பைக்குள்ளே. அந்தத் துணிக்குப் பின்னால், அந்தச் சாக்கு மேலே வைத்தேன். எடு லிகோரி, எடு, நின்றுவிடப்போகிறது. வானத்தை இழுக்காதே, விழுந்துவிடும். விழட்டும், எடு. என்ன நம்பர்? கண்ணாடி இல்லை எனக்கு. பெயர் வருகிறதா? ஜசிந்தா என்றே வருகிறதா?

நேயர்களே, திருத்தம் முடிந்தது. நன்றி. லிகோரி, அணை.

ஹலோ.

ம். நான்தான். வேற யாரு எடுப்பா, மாமியா வந்து எடுப்பாவ?

ஏட்டி. ஏட்டி, முதல்ல மூக்கச் சிந்து. விக்கிக்கிட்டே பேசுனா எனக்கு ஒண்ணும் புரியல. நான் எங்க அழுதேன்? இங்க ஃபேன் இல்ல, வேர்க்கி. நீ அந்தப் பிள்ளைய முதல்ல போன்கிட்ட கொண்டா, அவ சத்தத்தக் கேப்போம்... எல லிகோரி, இன்னும் அணைக்கலியா நீ? அணைல...